வாசிப்பு வாரப் படம்

எங்கள் வெள்ளவத்தைக் கல்லூரி நூலகத்தில் புதுப் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி, நூலக உதவியாளரான அந்த அம்மாவின் இடுப்பில். யார் கேட்டாலும், லேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்தபடியே “பிறகு பாப்பம்” என்பார்.

வாசிப்பு வாரத்துக்குக் கமெராக்காரர் வந்ததும் அலுமாரி திறந்தது. “வாசிக்கிற மாதிரி இருங்கோ” என்று அந்த அம்மா ஆளுக்கொன்று தந்தார். பள்ளித் தவணை முழுக்க நான் கேட்டலைந்த புத்தகமே என் கைக்கு வந்தது. உண்மையாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

“படம் எடுத்தாச்சு தங்கச்சி, தாங்கோ.”

“மிஸ், இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சிட்டுத் தாறன்.”

“ஊத்தையானா ஆர் பதில் சொல்லுறது?” வாங்கிப் பூட்டினார்.

அந்தப் படம் இன்றும் நூலக வாசலில் தொங்குகிறது. மற்றவர்கள் கமெராவைப் பார்த்துச் சிரிக்க, நான் மட்டும் குனிந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் நிற்கும் அந்த அம்மாவின் கண்களும் நான் விரித்திருந்த பக்கத்தில்தான் பதிந்திருக்கின்றன. அவரும் வாசித்தாரா, காவல் காத்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.