ஒரே கையெழுத்தில் இருபத்துமூன்று சீட்டு

கால்பந்து வீரர்கள் சங்கம் கொடுக்கும் 'ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' பரிசுக்கு ஐம்பது வயது ஆனபோது, அதன் வரலாற்றை எழுத என்னைப் பிடித்தார்கள். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வழவழ தாளில், நிறையப் படங்களோடு, ஒருவர் மனமும் நோகாத புத்தகமாக வேண்டும் என்றார் சங்கச் செயலாளர். ஒருவர் மனமும் நோகக் கூடாதென்றால் டெலிபோன் டைரக்டரிதான் அச்சடிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் முன்பணத்தை வாங்கிக்கொண்டேன்.

வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வருடம் ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மைக் பாதியில் செத்துவிட்டது. பரிசு, மரப்பீடத்தில் நிற்கும் ஒரு சாண் உயரப் பித்தளை ஆள். இன்று அதே ஆளுக்குத் தங்க முலாம் பூசி, சிவப்புக் கம்பளம் விரித்து, நேரலையில் கொடுக்கிறார்கள். பரிசின் பெருமையெல்லாம் ஒரே விஷயத்தில்தான் இருக்கிறது: நிருபர்களோ முதலாளிகளோ இல்லை, வீரர்களே வீரரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லீகில் ஆடும் ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. சொந்த அணிக்காரன் பெயரை எழுதக் கூடாது, அவ்வளவுதான் விதி. 'என்னோடு மோதியவர்களே கொடுத்த மரியாதை' என்று ஐம்பது மேடைகளில் ஐம்பது பேர் தொண்டை அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியில் பழைய சீட்டுகளை அணிவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். பதினெட்டாம் வருடத்துக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் கை நின்றது. இருபத்துமூன்று சீட்டு. இருபத்துமூன்றிலும் ஒரே பெயர், ஒரே கையெழுத்து. உருட்டி உருட்டி, சிரமப்பட்டு எழுதிய எழுத்து. அந்தப் பெயர் அந்த வருடம் பரிசு வாங்கியவருடையது. கோலாகக் குவித்த முன்வரிசை ஆட்டக்காரர். இரண்டாவதாக வந்தவர் ஒரு லெஃப்ட் பேக், இடப்பக்கத்தில் நின்று தடுத்து ஆடுகிறவர். அதுவரை தடுப்பு ஆட்டக்காரர் எவருக்கும் அந்தப் பரிசு போனதில்லை. இவரும் பத்தொன்பது ஓட்டில் தவறவிட்டிருந்தார். பத்துச் சீட்டு இங்கிருந்து அங்கே போயிருந்தால் போதும், பித்தளை ஆள் அவர் வீட்டில் நின்றிருப்பான்.

எனக்கு மூக்கு வியர்த்தது. கையெழுத்துக்காரரைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அந்த அணியின் பழைய ஆட்களில் யாரிடம் சீட்டைக் காட்டினாலும், "இது ஜெர்சி அண்ணன் எழுத்தாச்சே" என்றார்கள்.

ஜெர்சி அண்ணனும் ஆட்டக்காரராக இருந்தவர்தான். அதே அணியில், அதே லெஃப்ட் பேக் இடத்தில். இருபத்திரண்டு வயதில், மழை பெய்த மைதானத்தில், பயிற்சியின்போது முழங்கால் திரும்பிக்கொண்டது. துரத்திவிட்டால் பேர் கெடும் என்று கிளப் அவருக்கு ஜெர்சி அறையைக் கொடுத்தது. பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே ஜன்னலில்லாத அறை, மூன்று துவைக்கும் இயந்திரம், எப்போதும் காயாத ஒரு தரை. சேற்றை முதலில் பிரஷ்ஷால் உதிர்ப்பார், அப்புறம் ஊறப்போடுவார். சாக்ஸை ஜோடி சேர்ப்பார். பூட்ஸுக்கடியில் தேய்ந்த குமிழ்களைக் கழற்றிப் புதுசு திருகுவார். ஆட்டத்தன்று யார் யாருக்கு எந்தக் கொக்கி என்று பார்த்து ஜெர்சியை முதுகு எண் தெரியத் தொங்கவிடுவார். முப்பத்தாறு வருடம் இதைச் செய்தார். ஐந்தாம் எண் சட்டையையும், ஒரு காலத்தில் தன் எண்ணாக இருந்ததை, வாரா வாரம் வேறொருவனுக்காக மாட்டினார்.

நான் போனபோது மாடி வீட்டு முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சீட்டுகளின் நகலைக் காட்டினேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"ஆமா சார், எல்லாம் நான் எழுதினதுதான். சீட்டு வர்றது எப்பவும் மேட்ச் அன்னிக்குதான். ஒருத்தன் கட்டுப் போடுன்னுவான், ஒருத்தன் சாக்ஸ் காணோம்னு குதிப்பான். 'நீயே எதையாவது எழுதிப் போடுண்ணே'ன்னு என் மேல வீசிட்டுப் போயிடுவானுங்க. பதினாலு வருஷம் எங்க அணியோட ஓட்டு நான்தான். எங்க அணி மட்டும்னு நெனைக்காதீங்க, பாதி லீகு இப்படித்தான்."

மோதியவர்கள் கொடுத்த மரியாதை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவதா வந்தவன் யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியும். நல்ல ஆட்டக்காரர்."

"என் தம்பி. கூடப் பொறந்தவன்."

"அப்படியிருந்துமா வேற ஆளுக்குப் போட்டீங்க?"

"அதனாலதான் சார். அடுத்தவன் ஓட்டுல என் வீட்டுப் பேரை எழுதினா அது திருட்டு இல்லையா? ஜனங்க யாரைக் கொண்டாடினாங்களோ அவனுக்கே போட்டேன். மனுஷன்னா நேர்மை வேணும்ல."

டீ கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரைச் சற்றுச் சத்தமாகவே வைத்துவிட்டுப் போனார்.

"இதை மட்டும் எழுதிடாதீங்க சார்," என்றார் அண்ணன். "அவனும் எங்க கிளப்புல வளர்ந்தவன்தான். பத்தொம்பது வயசுல உயரம் பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க. அவன் பூட்ஸைப் பையில போட்டுக் குடுத்ததே நான்தான். வேற கிளப்புக்குப் போய் அவ்வளவு ஆடியும் அந்தக் காயம் அவனுக்கு ஆறலை. இப்ப இதுவும் தெரிஞ்சா அவன் மூஞ்சில நான் முழிக்க முடியாது."

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதவும் இல்லை. ஆனால் புத்தகத்தின் கடைசியில், ஐம்பது வருடத்துக்கும் எந்த அணியிலிருந்து யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஓர் அட்டவணை போட்டிருந்தேன். மூன்று மாத உழைப்பு. அதில் ஒரு வரியை எடுத்தால்கூட ஊனமாகிவிடும் என்று எனக்கு ஒரு வறட்டுப் பெருமை. பொடி எழுத்தில் கிடப்பதை யார் படிக்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது ஓட்டில் தோற்றவன் படிப்பான் என்று தோன்றாத மடையன் நான்.

புத்தகம் வெளியான வாரம் அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனேன். தம்பி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்; அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். மடியில் என் புத்தகம், கடைசிப் பக்கங்களில் திறந்து.

"எங்க அணி எனக்குப் போட முடியாது, சரி. மத்த பதினாறு அணியும் ஏதோ போட்டிருக்கு. உங்க கிளப்புல மட்டும் சைபர்," என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "இருபத்துமூணு பேர்ல ஒருத்தன்கூடவா என் ஆட்டத்தைப் பார்க்கலை? நீ அங்கதானேண்ணே இருந்தே. அவனுங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

தெரியாது என்று அண்ணன் சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். பிறகு தம்பியிடம், "அவங்க யாரும் எழுதலைடா. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்," என்றார்.

தம்பி அதிர்ச்சியடையவில்லை. "எங்க டிரெஸ்ஸிங் ரூம்லயும் அதே கதைதான், என் சீட்டையே நான் எழுதினதில்ல. எழுதினது நீ, சரி. யார் பேரை எழுதச் சொன்னாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லலை. எதையாவது எழுதுன்னு..."

உள்வாசலில் நின்றிருந்த அண்ணனின் மனைவி குறுக்கே பேசினார். "இன்னும் ஏதோ இருக்கு. எங்கிட்டகூட சொன்னதில்ல. உங்க நேர்மைக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. முழுசா சொல்லிடுங்க."

அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கோல்கீப்பர்தான் ஆரம்பிச்சான். 'உன் தம்பி பேரை எழுதுண்ணே, இந்த வருஷம் அவனைத் தாண்டி எவனும் போகலை'ன்னான். கேப்டன் எல்லார் சீட்டையும் வாங்கி என் கையில குடுத்து, 'எல்லாத்துலயும் அதையே எழுதிடு'ன்னாரு. ரூம்ல ஒருத்தன்கூட வேணாம்னு சொல்லலை. எல்லாரும் ஆடப் போயிட்டாங்க. நான் ஒக்காந்து பேனாவைத் திறந்தேன். உன் பேரை எழுத எனக்குக் கை வரலைடா."

"ஏண்ணே?"

"வயித்தெரிச்சல். அந்த இடத்துல ஆட வேண்டியவன் நான். அதுவரைக்கும் ஊர்ல நீ என் தம்பி. நீ அதை வாங்கிட்டா நான் உன் அண்ணன். அது எனக்குத் தாங்காதுன்னு தோணிச்சு."

தம்பி புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"பரிசை விடுண்ணே. மேடை ஏறணும்னு நான் ஏங்கலை. என்னை வேணாம்னு அனுப்பின அதே ரூம்ல இப்படிப் பேசினாங்கன்னு அன்னிக்கு சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதும். முப்பத்திரண்டு வருஷம் அந்த ஒரு வார்த்தை இல்லாம இருந்துட்டேன்."

எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். அப்புறம் திரும்பி நின்றார்.

"நெசமாவே சொன்னாங்களா?"

"சத்தியமா சொன்னாங்கடா."

"இல்ல, இதையும் நீயேதான் எழுதிக் குடுக்கிறியா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார். அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். தம்பி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பின் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

"அந்த ரூம்ல இருந்தவங்கள்ல ஒருத்தரைப் புடிச்சுக் குடுங்க சார்," என்றார் அண்ணன். "அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும். நான் சொன்னா இனிமே அவன் நம்ப மாட்டான்." அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நான் செய்த வேலைக்கு அதையாவது செய்ய வேண்டாமா?

கேப்டனும் கோல்கீப்பரும் செத்துப்போயிருந்தார்கள். மற்றவர்களில் பதினோரு பேரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அப்படி ஒரு சீட்டு வந்ததே ஒருவருக்கும் நினைவில்லை. ஜெர்சி அண்ணனை எல்லோருக்கும் நினைவிருந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். கடைசியாகப் பேசியவர் அவருடைய உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம், "அண்ணனுக்கு ஆடுற தம்பி ஒருத்தன் இருந்தானா என்ன?" என்று கேட்டார்.