ஓம் விதியில் ஒரு சந்தேகம்

நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு அறிவியல் ஆசிரியையாக மாற்றலாகி வந்த புதிதில், பள்ளி விட்டால் என்னோடு பேச ஆள் கிடையாது. குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான்.

மின்சுற்றுப் பாடத்துக்கு ஓர் இணையதளம் வைத்திருந்தேன். திரையிலேயே பேட்டரியையும் பல்பையும் இணைத்து எரியவிடலாம். தீவில் நெட் சரியாக வராததால் வகுப்பில் அது திறக்கவே இல்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பி எழுதினேன். போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை, நெட் இல்லாமலே ஓடும் பாடங்களை பென்டிரைவில் ஏற்றிக் கப்பலில் அனுப்பிவைத்தார்.

நன்றி சொல்லக் கூப்பிட்டேன். "அரே, இதுக்கெல்லாம் தேங்க்ஸா? அது கெடக்கட்டும், சாப்டீங்களா?" என்றார். கட்சாலுக்கு வந்த பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

பிறகு ஞாயிறுதோறும் கூப்பிட ஆரம்பித்தேன். சும்மா கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் ஏதாவது சந்தேகம் கேட்பேன். வருடக்கணக்காக நானே நடத்தும் ஓம் விதியைக்கூடக் கேட்டேன். அவரும் பொறுமையாக விளக்குவார்.

ஒருநாள் விளக்கி முடித்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"மேடம், ஓம் விதி உங்களுக்கு நல்லாவே தெரியும். கோயி பாத் நஹி, பரவால்ல, டவுட் இல்லாட்டியும் கூப்பிடுங்க. நானும் மொதல் போஸ்டிங்ல தனியா இருந்தவதான்."

அழுவது கேட்டுவிடக் கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்தேன். அவர் வைக்காமல் காத்திருந்தார்.

வகுப்பு முடிந்த பின்னும், தெரிந்த பாடத்தில் சந்தேகம் கேட்டு என் மேசையருகே நிற்கும் பிள்ளைகள் உண்டு. "நேற்றே சொன்னேனே" என்று இப்போதெல்லாம் அவர்களை அனுப்பிவிடுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லித் தருகிறேன்.