மஞ்சள் சட்டைக்கு வந்த அழைப்பு

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பேனா மாட்டேனா என்று இழுத்துக்கொண்டு கிடந்தேனாம். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு, "இவனப் பொழைக்க வச்சீருன்னா உமக்கே குடுத்துருதேன்" என்று பொருத்தனை பண்ணிவிட்டாள். நானும் பிழைத்துத் தொலைத்தேன்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களில் இப்படி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் தெருவுக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஒருநாள் கர்த்தர் கூப்பிடுவார், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஊழியத்துக்குப் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. நாங்கள் திருப்பூருக்குக் குடிவந்து, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் அயர்ன் மாஸ்டராகவும் ஆகிவிட்டேன். கர்த்தர் கூப்பிடுகிற பாடாக இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தாலோ, "அவரு கூப்பிடாம நான் எப்படில முடிவு பண்ண? நீ அவரு சொத்துல்லா" என்று அம்மா முடித்துவிடுவாள். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார்கள்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வெள்ளை ஜிப்பா, கையில் மைக், எதிரே அழுகிற கூட்டம் என்று ஸ்டீம் அயர்ன் புகைக்குள் நின்றுகொண்டு கனவு காண்பேன். செக்கிங் செக்ஷன் பெண்களிடம், "நான் இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டேன்" என்று அடிக்கடி சொல்லிவைப்பேன். கடைசியில் பொறுமை போய், "ஆண்டவரே, கூப்பிடுவதாக இருந்தால் சபை நடுவில், நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி கூப்பிடும்" என்று ஜெபம் பண்ணினேன்.

அந்த மாதமே எங்கள் சபையில் அசனம் வந்தது. ஊரில் கோயில் பண்டிகைக்கு எல்லாரும் சேர்ந்து சமைத்து, சாதி பேதம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அசனம். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். அசனத்துக்கு யாரும் நல்ல சட்டை போட மாட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு தெறித்தால் கறை போகாது. நான் மஞ்சள் டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கர்த்தர் தேடிச் சிரமப்பட வேண்டாமென்று பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

வெளியூர்ப் பிரசங்கியார் தாமதமாக வந்தார். பிரசங்கத்தை முடித்துக் கண்ணை மூடினார். திடீரென்று குரல் நடுங்க, "இங்கே மஞ்சள் சட்டை போட்ட ஒரு தம்பி! கர்த்தர் உன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார். உன் நெஞ்சில் ஒரு பறவையைக் காண்கிறேன்! எழுந்து முன்னால் வா!" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் நெஞ்சில் பறவை இருந்தது. டி-ஷர்ட்டில் அச்சடித்த வாத்துதான், ஆனாலும் பறவை. கண்ணில் நீர் முட்ட எழுந்து போய் மேடைக்கு முன்னால் முழங்காலிட்டேன். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பந்தலுக்குப் பின்னால் அண்டா கிளறிக்கொண்டிருந்தவர்கள் முதற்கொண்டு மஞ்சள் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தார்கள்.

சபை ஆண்களில் பாதிக்கு மேல் எங்கள் கம்பெனிதான். அங்கே ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டரை, சாயத்தின் ஷேட் மாறிவிட்டதென்று வெளிநாட்டுப் பையர் திருப்பிவிட்டார். வாத்துப் போட்ட மஞ்சள் டி-ஷர்ட். ஓனர் அதை எங்களுக்கே ஆளுக்கு இரண்டாகக் கொடுத்திருந்தார். குழம்புக்குப் பயந்த அத்தனை ஆண்களும் அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தார்கள்.

பிரசங்கியார் கண்ணைத் திறந்தார். ஒரு ஆர்டர் முழுக்க அவர் முன்னால் முழங்காலிட்டிருந்தது. "மெய்யாகவே அழைக்கப்பட்டவர் மட்டும் இங்கே இருங்கள், மற்றவர்கள் போய் உட்காருங்கள்" என்றார். போய் உட்கார்ந்தால் கர்த்தரைத் தள்ளிவிட்டதாக ஆகாதா? ஒருவரும் அசையவில்லை.

விருந்துக்கு வந்திருந்த ஓனர் பதறிப்போய் எழுந்தார். "ஏனுங்க சாமி, அத்தன பேரையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா செவ்வாக்கெழமை ஷிப்மென்ட்டுக்கு நான் எங்கீங்க போவேன்?"

குழம்பு வாசனை அடிக்க ஆரம்பித்திருந்தது. பிரசங்கியார் சற்று யோசித்து, எங்கள் தலைகளுக்கு மேலே பொதுவாகக் கையை நீட்டி ஆசீர்வதித்து, "அழைக்கப்பட்டவர்கள் போய்ப் பந்தி பரிமாறுங்கள்" என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை வருடம் காத்திருந்து கேட்ட அடையாளத்தைக் கர்த்தர் மொத்த விலைக்கு விட்டுவிட்டாரே என்று கோபம். அந்தக் கோபத்திலேயே சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். பந்தி முடிய முடிய, அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிட உட்கார்ந்து, கை கழுவி, பைக்கை எடுத்துக் கிளம்பினார்கள். கொல்லையில் அடி பிடித்த அண்டாக்கள் கிடந்தன. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே நானும் ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டேன்.

"என்னல மொறைக்க?"

"அவரு என்னத்தான் கூப்பிட்டாரா இல்லியாம்மா? இப்ப எப்படித் தெரியும்?" அண்டாவுக்குள் என் குரல் பிரசங்கியார் குரல் மாதிரி முழங்கியது.

அம்மா கையை நிறுத்திவிட்டு, ஆளில்லாத பந்தலையும் அண்டாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலையும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"நான் உன்ன ஆண்டவருக்குத்தாம்ல குடுத்தேன், மைக்குக்கா குடுத்தேன்? அண்டாவ நல்லாத் தேய். நாளைக்கே பொண்ணு பாக்கச் சொல்லுதேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் இறங்கிப் போனது. சந்தோஷமாகவே இருந்தது, சொல்வதற்கென்ன.

இன்றும் நான் அயர்ன் மாஸ்டர்தான். சபையில் கல்யாணமோ சாவோ அசனமோ எதுவானாலும் முதலில் என்னைத் தேடித்தான் ஆள் வருகிறது. யாரும் சட்டை நிறம் சொல்வதில்லை. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.