பக்கத்தடியில் போவாடி

புது வேலை வந்தால் க்வாக்கு போவாடி முதலில் தன்னைச் சாகடித்துக்கொள்வார். இறந்தவருக்காக அச்சடித்து, சாவுக்கு வருபவர்களிடம் கொடுக்கும் இரங்கல் புத்தகங்களை அமைப்பது அவர் தொழில். கணினியைத் திறந்ததும் திரையில் வருவது அவருடைய சாவுப் புத்தகம்தான். அட்டையில் கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டி, பக்கத்தில் ஒரு புறாவுடன் போவாடி சிரித்துக்கொண்டிருப்பார். அதை அப்படியே நகலெடுத்து, தன் பெயரை அழித்துவிட்டு, உண்மையாகவே செத்தவர் பெயரைத் தட்டுவார்.

குமாசி நகரத்தில் ஒரு பெரிய மனிதரை எண்பது பக்கப் புத்தகமாவது இல்லாமல் புதைத்தால் ஊர் பேசும். மனைவியின் இரங்கல், பிள்ளைகளின் இரங்கல், குலத்தாரின் இரங்கல், தேவாலயப் பாடகர் குழுவின் இரங்கல் என்று வந்துகொண்டே இருக்கும். போவாடி ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைத்து ஒரே பட்டியலில் கோத்துவிடுவார். எதை மேலே இழுத்தாலும், எதைக் கீழே தள்ளினாலும் பக்க எண்கள் முணுமுணுக்காமல் தாமே மாறிக்கொள்ளும். அந்த நல்ல குணம் சொந்தக்காரர்களுக்குக் கிடையாது.

திரையின் ஓரத்தில் ஓர் இழுப்பறையும் வைத்திருக்கிறார். புறாக்கள், மெழுகுவர்த்திகள், கூப்பிய கைகள் எல்லாம் அதில் உண்டு. ‘எங்களை யார் கையில் விட்டுப் போனீர்கள்’ என்ற பத்தி, போனவர் அப்பாவானாலும் அம்மாவானாலும் பொருந்தும்படி அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கும். அழத் தெரியாத பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார்.

மாதிரிப் புத்தகத்தில் தன் பெயரை ஏன் வைக்கிறார் என்று மனைவி கேட்டுச் சலித்துவிட்டாள். பாதிரியார் இதற்காகத் தனியாக ஜெபமே செய்து பார்த்தார். போவாடியின் பதில் ஒன்றுதான். “வெறும் இடமா விட்டா நிரப்ப மறந்து கண்ணு தாண்டிப் போயிடும். என் மூஞ்சி இருந்தா எப்படித் தாண்டும்?”

போன வாரம் மர லாரிக்காரர் ஒபெங் போய்ச் சேர்ந்தார். குலத்தலைவர் ஜாம்ஃபி காலையில் வந்து, உடல் குலத்துக்குச் சொந்தம், ஆகவே குலத்தாரின் இரங்கல்தான் முதலில் என்றார். விதவையின் இரங்கலை விளம்பரங்களுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். மத்தியானம் விதவை கொனாடு வந்தாள். அவளிடம் போவாடி வழக்கம்போல் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. இடுப்புத் துணியிலிருந்து மடித்த நோட்டுத்தாள்களை எடுத்து வைத்தாள்.

“பதினோரு வருஷம் படுக்கையில வச்சுப் பாத்தேன் தம்பி. அவரைப் பத்தி மொதல்ல நான் பேசணும். அது ஒண்ணுதான் கேக்கறேன்.”

போவாடி தாள்களைப் படித்தார். மூக்கை உறிஞ்சினார். தொழிலில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை, அச்சுக்கு அனுப்புவதற்குச் சற்று முன், யாரிடமும் சொல்லாமல் கொனாடுவின் இரங்கலைப் பட்டியலின் உச்சிக்கு இழுத்துவிட்டார். நல்ல காரியம் செய்த படபடப்பில் எல்லாப் பகுதிகளையும் ஒரே சாயலாக்கும் பொத்தானையும் அழுத்தினார். எந்தப் பகுதிக்குக் குறி இருக்கிறதோ அதன் அடிவரியை, அதாவது பக்கத்தடியில் வரும் படத்தையும் பெயரையும், மற்றவை எடுத்துக்கொள்ளும். குறி இருந்தது கடைசியிலுள்ள நன்றியுரைக்கு. அந்த ஒன்றில் மட்டும் அவர் தன்னை இன்னும் அழித்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பந்தலுக்கடியில் அறுநூறு பிரதிகள் கைமாறின. பக்கத்துக்குப் பக்கம், அடியில், வட்டத்துக்குள் போவாடி சிரித்தார். ‘மறைந்த க்வாக்கு போவாடி, அமைதியில் உறங்குக.’ பாடகர் குழுவில் ஒருத்தி பின்வரிசையில் நின்ற அவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு கிழவர் எழுந்து வந்து அவர் கையைத் தொட்டு, சூடு இருக்கிறது என்று மற்றவர்களுக்கு அறிவித்தார்.

ஜாம்ஃபி முதல் பக்கத்தைப் பார்த்தார். முதலில் இருப்பது யாருடைய இரங்கல் என்பதும், அடியில் இருப்பது யாருடைய முகம் என்பதும் அவருக்கு ஒன்றாகத்தான் உறைத்தன.

“போவாடி, நீ இவளை எப்ப கட்டிக்கிட்டே?” என்று நிதானமாகக் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “புத்தகத்தையெல்லாம் வாங்கி வண்டியில போடுங்க. இன்னிக்கு இரங்கல் வாசிப்புக் கிடையாது” என்றார்.

போவாடிக்கு உண்மையாகவே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் தன் இளிப்பால் கெடுத்தாயிற்று.

இளைஞர்கள் வரிசை வரிசையாகப் புத்தகங்களை வாங்கத் தொடங்கினார்கள். கொனாடு தன்னுடையதைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, முதல் பக்கத்தை விரித்து, போவாடியின் முகத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். பக்கம் திரும்பியது, விரல் மறுபடி அவர் முகத்தில் இறங்கியது. வாங்கிய புத்தகங்களை இளைஞர்கள் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் பந்தல் முழுக்கக் கட்டைவிரல்கள் சேர்ந்தே இறங்கின.

பின்வரிசையில் போவாடியும் புத்தகத்தை விரித்து, தன் முகத்தைத் தன் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.