ரேடியோ போட்ட கையெழுத்து

தம்பி என்னவெல்லாம் ஜெயித்தான் என்று அக்காவிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கையிலிருக்கும் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்பது வயதில் பேருந்து நடத்துநரிடம் தானே வாய் திறந்து இரண்டு டிக்கெட் கேட்டான். நடத்துநர் பின்னால் இருந்த ஆறு பேருக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தபோதும் கேட்டு முடித்திருக்கவில்லை. ஆனாலும் முடித்தான். ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. அதன் மூடி இன்றைக்கும் இறுக்கமாக இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் படிப்பு நின்று போயும் பன்னிரண்டாம் வகுப்பை எட்டிப் பிடித்தான். மருத்துவ மொழிபெயர்ப்பாளர் தேர்வில் தேற எழுபத்தைந்து மதிப்பெண் வேண்டும். முதல் தடவை எழுபத்து நான்கு, இரண்டாம் தடவை எழுபத்தொன்று, மூன்றாம் தடவை எண்பத்து மூன்று. அந்த எண்பத்து மூன்றுக்கு அவள் ஆள்காட்டி விரலை மடக்குவதில்லை, நீட்டியே வைத்திருப்பாள்.

அவனுக்குத் திக்குவாய். பள்ளியில் வைத்த பெயர் ரேடியோ. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ மாதிரி விட்டு விட்டுப் பேசுகிறான் என்று எவனோ ஒருவன் வைத்தது. அக்கா பெயர் வைத்தவனைத் தேடிப் போய்ச் சண்டை போட்டாள். பெயர் போகவில்லை, ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவளே வீட்டில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மற்ற சொற்களைக்கூட எப்படியோ தள்ளி வெளியே கொண்டுவந்துவிடுவான். அவனுடைய சொந்தப் பெயர்தான் வராது. முதல் எழுத்திலேயே நாக்கு அப்படியே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும், பல் வைத்தியரிடம் போனபோதும், அவன் பெயரைச் சொன்னது ஆறு வயது மூத்தவளான அக்காதான்.

ஆனால் ஒரு விசித்திரம். அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது அவனுக்குத் திக்குவதே இல்லை. டாக்டர் சொன்னதை டாக்டராக நின்று சொல்வான், நோயாளி சொன்னதை நோயாளியாக நின்று சொல்வான், தண்ணீர் ஓடுவது போல. அவர்கள் குடியிருந்த வெளிமாநில ஊரின் மருத்துவமனையில் டாக்டர்கள் பேசுவது ஒரு மொழி, வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ். நடுவில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. மூன்று மாதம் பார்க்கிறோம் என்று அவனை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை படிவங்களில் அவன் கையெழுத்துப் போட முடியாது. மொழிபெயர்ப்பாளர் என்று அச்சிட்ட கோட்டின் மேல் அவனுடைய மேலாளர் மேடம்தான் போடுவார்.

மேடத்துக்கு ஒரே ஒரு சந்தேகம். அதை முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தார்.

"மத்தவங்க பேச்சை நல்லாவே சொல்றீங்க. ஒத்துக்கறேன். ஆனா சில நேரம் நடுவுல நிறுத்தி, நீங்களே உங்க வாயால ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கும். நோயாளிக்குப் புரியலன்னு தோணினா சொல்லித்தான் ஆகணும். அப்போ என்ன செய்வீங்க?"

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். முடிப்பதற்குள் மேடத்துக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

அக்காவும் அதே மருத்துவமனையில்தான் வேலை செய்தாள். கீழ்த்தளத்தில் துணி அறை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் அணியும் அங்கி, எல்லாம் சலவையிலிருந்து வந்ததும் கிழிசல் பார்த்துத் தைத்து அடுக்குவது அவள் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் அவள் அடுக்கிய விரிப்புகளின் விளிம்பில் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

வேலை முடிந்து வீட்டில் அவள் துணி தேய்க்கும் நேரம்தான் தம்பிக்குப் பயிற்சி நேரம். அவள் நோயாளி. ஒரு நாள் காது கேட்காதவள், ஒரு நாள் கோபக்காரி, ஒரு நாள் வாய் ஓயாதவள்.

"உயிர்த்திசு ஆய்வு செய்யணும்" என்றான் ஒரு நாள், புத்தகத்தில் இருந்தபடி.

"எதுக்குடா உயிரை எடுக்கறீங்க?"

"இல்லக்கா. ச... சதையில ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பாங்க."

"அதைச் சொல்லித் தொலையேன்."

அவன் குறித்துக்கொண்டான். "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்றபோது அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"காபி குடிக்கலாமா?"

"கூடாது."

"அப்போ அதையும் சொல்லச் சொல்லி டாக்டர்கிட்ட கேளு. காபியை எவன்டா சாப்பாட்டுக் கணக்குல சேர்ப்பான்?"

இன்னொரு நாள் அவன் கண் சொட்டு மருந்து பற்றி முழுசாகச் சொல்லி முடித்தான். எந்தக் கண், எத்தனை சொட்டு, எத்தனை நாள், எங்கே வைப்பது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இப்போ கேளுடா, நீ சொன்னது என்னன்னு."

"என்ன?"

"ஒண்ணும் ஞாபகமில்ல. காலர் கருகிடுமோன்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பின்ன ஏன் தலையாட்டின?"

"நீ பாவமா இருந்தே. அதான்."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டான்.

மூன்று மாதத்தில் கடைசிக்கு முந்தின வாரம், மார்ச் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மேல்தளத்திலிருந்து துணி அறைக்கு அழைப்பு வந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெரியவர் ஒருவரின் அங்கியில் நாடா அறுந்துவிட்டதாம். அக்கா மாற்று அங்கியோடு போனாள். திரைக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது.

உள்ளே போனாள். கட்டிலில் பெரியவர், ரொட்டி அடுமனையில் மாவு மூட்டை தூக்குகிறவர். தோள் இரண்டும் கதவு மாதிரி இருந்தன. எதிரே அறுவை மருத்துவர், கையில் படிவம். பக்கத்தில் தம்பி. மூலையில் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவனைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவள் பெரியவரின் முதுகுப்பக்கம் போய் நாடாக்களை முடிச்சுப் போடத் தொடங்கினாள்.

"அடிவயித்துல குடல் பிதுங்கற இடத்துல கீறல் போடுவேன். குடலை உள்ள தள்ளிட்டு, அந்த ஓட்டை மேல ஒரு வலை வச்சுத் தைப்பேன்" என்றான் தம்பி, மருத்துவராக.

ஒட்டுப் போடுகிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பெரியவர் தலையாட்டினார். "சரிங்க."

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"சரிங்க."

தம்பி அதையும் அப்படியே மருத்துவரிடம் சொன்னான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, அதுதான் அவன் வேலை. மருத்துவர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். பெரியவர் சுதாரித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி எட்டு மணிக்குங்க. காபிகூடக் குடிக்கல" என்றார்.

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

கேள்வி முடிவதற்குள்ளேயே பெரியவர், "அதெல்லாம் இல்லீங்க" என்றார். அப்புறமும் எதற்கோ தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் படிவத்தை நீட்டினார். பெரியவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அப்போது தம்பி கையை உயர்த்தினான்.

அக்காவின் விரல் நாடாவிலேயே நின்றது. கை உயர்த்தினால் சொந்தப் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அதையும் பழகிப் பார்த்திருந்தார்கள், ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

மருத்துவரின் மொழியில்தான் ஆரம்பித்தான். "டாக்டர்" என்ற ஒரு சொல்லே மூன்று துண்டாக வந்தது. அடுத்த சொல் வரவேயில்லை. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரைக்கு வெளியே யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் சொல்ல வருவது அக்காவுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரிந்தது. அவளே சொல்லிவிடலாம், ஒரு நொடி வேலை. இத்தனை வருடமும் அதைத்தானே செய்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். மேடம் மூலையை விட்டு அசையவில்லை.

நாலு முடிச்சுப் போடும் நேரம் ஆயிற்று. அவன் சொல்லி முடித்தான்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். இவருக்குப் புரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. நீங்கள் சொன்னதை இவரையே திருப்பிச் சொல்லச் சொல்லலாமா?"

"எல்லாத்துக்கும் தலையாட்டினாரே" என்றார் மருத்துவர்.

"அ... அதனாலதான்."

மருத்துவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். தம்பியின் குரல் மறுபடி தங்கு தடையில்லாமல் வந்தது. "நான் உங்களுக்கு என்ன செய்யப் போறேன்? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

பெரியவர் நெளிந்தார். "நல்லதுதான் செய்யப் போறீங்க."

"அது சரி. எப்படிச் செய்வேன்?"

"ஊசி போட்டு உள்ள தள்ளிவிடுவீங்க. சாயங்காலம் வீடு. நாளைக்கு மூட்டை தூக்கப் போயிடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. மருத்துவர் முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்தத் தடவை தாளில் படம் போட்டு. ஆறு வாரம் மூட்டை தூக்கக் கூடாது என்றதும் பெரியவருக்கு வாய் திறந்துகொண்டது. ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "நெஞ்சுக்குப் போடற மாத்திரையை மட்டும் காலைல ஒரு வாய்த் தண்ணியில போட்டுட்டேங்க. அது தப்பில்லையே?" என்றார்.

"என்ன மாத்திரை?"

"ரெண்டு வருஷம் முன்னால வேற ஊர்ல நெஞ்சுல ஸ்பிரிங் வச்சாங்க. அதுக்குக் கொடுத்தது. ஒரு நாளும் விட்டதில்ல."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை உண்டான்னு கேட்டேனே."

"நீங்க ரத்தத்துக்குக் கேட்டீங்க. இது நெஞ்சுக்குங்க."

மருத்துவர் பேனாவை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்து மூடினார். இன்றைக்கு அறுவை இல்லை. நெஞ்சு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத்தான், வயிற்றைத் திறந்திருந்தால் ரத்தம் சுலபத்தில் நின்றிருக்காது. இதய மருத்துவரிடம் பேச வேண்டும், அவர் ஒப்புக்கொண்டால் ஏழு நாள் மாத்திரையை நிறுத்தி, அடுத்த வாரம் பார்க்கலாம்.

"நான்தான் கெடுத்துட்டேனா தம்பி?" என்று பெரியவர் கேட்டார். அவன் அதையும் மொழிபெயர்த்தான். "இல்ல, நீங்க சொன்னதாலதான் தப்பிச்சோம்" என்று மருத்துவரின் பதிலையும் அவனே சொன்னான்.

"டாக்டருக்கு நேரமாகுதேன்னு பார்த்தேன். அதான் தலையாட்டிட்டேன்" என்றார் பெரியவர்.

வெளியே நடைபாதையில் மேடம் அவனை நிறுத்தினார். அக்கா பழைய அங்கியோடு இரண்டடி தள்ளி நின்றாள்.

"எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தத் த... தலையாட்டல் எனக்கு நல்லாத் தெரியும் மேடம். சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் எனக்கு அ... அப்படித்தான் ஆட்டியிருக்காங்க. சீக்கிரம் முடிச்சாப் போதும்னு."

மேடம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். நடுவில் தலையாட்டவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டாள். "நானுமாடா? அப்படி ஆட்டியிருக்கேனா?"

"நீ எ... எங்க ஆட்டுவ? அந்தச் சொட்டு மருந்து அன்னிக்கு ஒரு தடவைதான். நீதான் நான் ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவியே."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று இஸ்திரி போடும்போது அவள் நோயாளியாக நடிக்கவில்லை. அவன் ஏதோ கதை சொன்னான். முடியும்வரை பேசாமல் கேட்டாள். அவளுக்கு அது விரிப்பு அடுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் துணி அறையைக் கூப்பிடவில்லை. ஆனாலும் அக்கா இரட்டைத் தையல் போட்ட அங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அதே கட்டில், அதே ஆட்கள். பெரியவர் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கீறல் போட்டு, குடலை உள்ள தள்ளி, வலை வச்சுத் தைப்பீங்க. ஆறு வாரம் மூட்டை தூக்கக் கூடாது. காயம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும். அந்த மாத்திரையை ஏழு நாளாப் போடல, மறுபடி எப்போ ஆரம்பிக்கறதுன்னு நீங்க சொல்லணும். பாஸா, வாத்தியாரே?"

"பாஸ்" என்றான் தம்பி, மருத்துவராக.

பெரியவர் தம் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். மருத்துவர் போட்டார். படிவம் மேடத்திடம் வந்தது. மேடம் அதை வாங்கி, மொழிபெயர்ப்பாளர் என்ற கோட்டைப் பார்த்துவிட்டு, பேனாவோடு சேர்த்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இன்னையோட மூணு மாசம். இனிமே உங்க இடத்துல நான் எதுக்கு?"

அவன் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றான். பெரியவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"போன வாரமே கேக்கணும்னு நினைச்சேன். உன் பேர் என்ன தம்பி?"

அக்காவின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். அவன் நாக்கு முதல் எழுத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பெரியவர் தலையாட்டவில்லை, பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெயர் மூன்று துண்டாக வந்தது, முழுசாக வந்தது.

பிறகு அவன் குனிந்து, கோட்டை விட்டு இம்மிகூட இறங்காமல் அதை எழுதினான். பக்கத்தில் தேதியையும் போட்டான்: மார்ச் 12, 2019.