இரவல் குரல்

அவருடைய முதுகைத்தான் நான் நன்றாக அறிந்திருந்தேன். ஹம்பேர்க்கில் ஒரு நாடக அரங்கில் நடிகர்களுக்கு உடை மாற்றிவிடுவது என் வேலை. அவர் ஆங்கில நடிகை; வேடத்துக்கு, முதுகில் நாடா இழுத்துக் கட்டும் இறுக்கமான உள்ளங்கி. இளமையில் இலண்டன் மேடைகள், பிறகு கிராமத்து வைத்தியராக நடித்த தொலைக்காட்சித் தொடர், அதன் பிறகு நீண்ட மௌனம். அறுபது கடந்து, ஜெர்மன் வசனங்களை மனனம் செய்துகொண்டு இங்கே வந்திருந்தார்.

அரங்கில் தரை துடைக்கும் எங்களூர் அக்கா, வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த அவரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"இவவிட்டைத்தானே நான் டொச் பாசை படிச்சனான். அகதிக் காம்பில இருக்கேக்க இவவின்ர தொடரை ஒரு நாளும் விடாமப் பாத்தது. ஏன் குரல் இப்பிடி? தடிமனோ?"

"ரீவியில வந்தது இவவின்ர குரல் இல்லையக்கா. டொச்சுக்கு மாத்தேக்க ஆரோ ஒரு டொச் மனிசி குடுத்தது."

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரோடை இருந்தனான்?"

என்ன பேச்சு என்று நடிகை கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒத்திகை பார்க்க வந்தவர்களும் குரல் ஏன் இப்படி என்றுதான் கேட்டார்களாம். அதனால் இயக்குநர் முடிவெடுத்துவிட்டார்: வசனம் முழுவதையும் தொடரில் குரல் கொடுத்த அந்த ஜெர்மன் பெண்ணே பேசிப் பதிவு செய்வார்; இவர் வாயை மட்டும் அசைக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, விலக வழியில்லை.

"இன்னும் இறுக்குங்கள்" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.

எனக்கு அந்த இறுக்கம் தெரியும். அலுவலகங்களில் ஜெர்மன் பேசும்போது என் வாயிலிருந்தும் வேறொருத்தி வருகிறாள்: மெலிந்தவள், எதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பவள். வீட்டுக்கு வந்த பின்னும் சில நாள் அவள் போவதில்லை.

முதல் காட்சி ஞாயிறு பிற்பகல். அக்காவும் நானும் திரையோரம் நின்றோம். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழுந்ததும், தொலைந்த உறவைக் கண்டதுபோல் சபை நெகிழ்ந்தது.

"ஓம், இதுதான்" என்றார் அக்கா. பிறகு தலையைச் சாய்த்தார். "பொறு. அடியில இன்னொண்டு கேக்குது."

கேட்டது. வாயை மட்டும் அசைக்கச் சொன்ன இடத்தில் நடிகை முழுக் குரலெடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய குரல் அதை மூடி மூடிப் போயிற்று. முதல் வரிசைக்குக்கூட எட்டியிராது.

கைதட்டல் ஓய்ந்ததும் உள்ளே வந்தவரின் நாடாவைத் தளர்த்தினேன். விலாவெங்கும் சிவந்த கோடுகள். ஏதோ சொல்ல வாய் திறந்தார். தொண்டை கட்டிப்போய்க் காற்றுத்தான் வந்தது.

அக்கா இஞ்சி தட்டிப்போட்ட சுடுதண்ணீரை நீட்டினார். ஜெர்மனில் சொல்லியிருக்கலாம். தமிழிலேயே சொன்னார்:

"குடியுங்கோ. நாளைக்கும் கதைக்கவேணுமெல்லே."