சமையக்கட்டுல ஒரு கம்பெனித் தரை

கான்கிரீட் தரையை மெஷின் வெச்சுத் தேய்ச்சுப் பாலீஷ் போடுறது என் தொழில், யார்கிட்ட சொன்னாலும் "ஓ, டைல்ஸ் ஒட்டுறவரா?"ன்னுதான் கேப்பாங்க. இல்லீங்க! டைல்ஸே கெடையாது, கான்கிரீட்டேதான் தரை! வீடு கட்டுறேன்னு எறங்கி, கொத்தனார் ஒரு பக்கமும் சொந்தக்காரங்க ஒரு பக்கமும் இழுக்க நடுவுல முழிச்சவங்க நீங்கன்னா, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். ஒரகடம் சுத்துவட்டாரத்துல கம்பெனி கம்பெனியாத் தரை போட்டவன், முதல் தடவையா ஒரு வீட்டுச் சமையக்கட்டுல மெஷினை எறக்கினேன்.

பஸ்ஸை விட்டுட்டு வந்த பொண்ணு

உதிரி பாகம் செய்யுற ஒரு கம்பெனியில ஆயுத பூஜை லீவுல தரை வேலை முடிச்சோம். லீவு முடிஞ்ச அன்னைக்கு, மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டிருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் கம்பெனி பஸ்ஸைப் பாத்து ஓடுறாங்க, ஒரு பொண்ணு மட்டும் என்னைப் பாத்து ஓடி வருது. பேரு கலைவாணி, அங்க குவாலிட்டி செக்‌ஷன். வல்லக்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்காங்களாம்.

"பஸ் கெளம்புதுண்ணா, சட்டுனு சொல்லுங்க. இந்தத் தரையை என் வூட்டு சமையக்கட்டுல போட்டுத் தருவீங்களா, மாட்டீங்களா?"

புருஷன் பாயிண்டு

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. முதல் வீட்டு ஆர்டராச்சே! அடுத்த ஞாயித்துக்கிழமையே டேப்போட போய் நின்னேன். அங்க அவங்க வீட்டுக்காரர் பாபு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். லாரி கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். "நாள் பூரா இந்த சாம்பல் கலர் தரையிலதான் வண்டி ஓட்டிகினு கீறேன். வூட்டுக்கு வந்தாலும் அதேவா? சோறு துன்றப்போ ஹாரன் அடிக்கத் தோணும்ண்ணா!"ன்னார். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

கலைவாணிக்கு வேற கணக்கு. தண்டலத்துல இருக்குற வாடகை வீட்டுல டைல்ஸ் சந்து சந்தா எண்ணெய்ப் பிசுக்கு. வாரத்துல கெடைக்கிற ஒரு லீவும் பிரஷ்ஷால அதைத் தேய்க்கிறதுலயே போயிடுதாம். சந்தே இல்லாத தரை கெடைச்சா அந்த ஒரு நாள் மிச்சம். பேச்சு ஏறி எறங்கி, கடைசியில கலைவாணியே ஒரு முடிவு சொன்னாங்க.

"கிரகப்பிரவேசத்தன்னைக்கு ஒரே ஒரு கறை தெரிஞ்சாலும் மேல டைல்ஸ் ஒட்டிடலாம், நான் வாயே தொறக்க மாட்டேன்."

புளித்தண்ணி டெஸ்ட்

என் ஷெட்டுக்கு சாம்பிள் பாக்க வந்த கலைவாணி கையில நாலு டிபன் பாக்ஸ். எனக்குத்தான் சாப்பாடுன்னு நெனைச்சேன்! பாத்தா மஞ்சத்தண்ணி, நல்லெண்ணெய், காப்பி டிகாஷன், புளிக்கரைசல். மார்க்கர்ல சாம்பிள் கான்கிரீட் பலகை மேல நாலு கட்டம் போட்டு, ஒவ்வொண்ணையும் ஊத்தி, பக்கத்துல நேரம் எழுதி, ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. கம்பெனிப் புத்தி எங்க போகும்?

மூணு பாஸ். புளி ஊத்துன எடம் மட்டும் வெளுத்துப் போச்சு. மானம் போச்சுய்யா எனக்கு! பத்து வருஷமா ஆயிலுக்கும் கிரீஸுக்கும் தரை போட்டவன், புளியைப் பத்தி ஒரு நாளாச்சும் யோசிச்சேனா? மேல பூசுற சீலரை மாத்தினேன், ரெண்டு கோட் அடிச்சேன், மறுபடி ஊத்திப் பாத்தோம். அரை மணிக்குள்ள தொடைச்சா சுத்தம். அதுக்கு மேல விட்டா அரிக்கத்தான் செய்யும்னு உள்ளதைச் சொல்லிட்டேன்.

"அரை மணி போதும்ண்ணா, எங்க வூட்ல யாரும் அவ்ளோ நேரம் சும்மா வுட மாட்டாங்க."

கல்லு பூத்த நாள்

தேய்க்கிற அன்னைக்கு பாபு லீவு போட்டுட்டு வாசப்படியில உக்காந்துட்டார், குத்தம் கண்டுபிடிக்கத்தான். சேறு மாதிரி தண்ணி ஓடுது. வழிச்சுத் தள்ளினா, அடியில கருப்பு, பச்சை, வெள்ளைன்னு ஜல்லிக்கல்லு ஒண்ணொண்ணா கண்ணைத் தொறக்குது. எத்தனை கம்பெனியில பாத்திருந்தாலும் எனக்கு அந்த நிமிஷம் உடம்பு சிலிர்க்கும்! வழுக்கிடக் கூடாதுன்னு கண்ணாடி மினுக்கு வரைக்கும் போகாம, மங்கலாவே நிறுத்தினேன். பாபு மெதுவா வந்து குனிஞ்சு பாத்தார்.

"இன்னாண்ணா, நாம கொட்டுன ஜல்லியா இது?"

அண்டாவுக்கு அடியில

கிரகப்பிரவேசம். பால் பொங்குச்சு, கூட்டம் பொங்குச்சு. வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வி: "டைல்ஸ் எப்போ வருது?" கலைவாணி பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிக்குறாங்க. பந்தி முடிஞ்சு சமையல்காரர் ரச அண்டாவை நகத்துறார். அடியில உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையா ஒரு வளையம்! அண்டா அடியில கசிஞ்சிருக்கு, ரெண்டு மணி நேரமா எவனும் பாக்கலை. நான் துண்டை எடுத்து மண்டி போட்டுத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போவேனாங்குது.

பாபுவோட அக்கா, "அதான் அப்பவே சொன்னேன், நாளைக்கே டைல்ஸ் ஒட்டிடுடா"ன்னாங்க. கலைவாணி கண்ணு கலங்கிடுச்சு. ஆனா சொன்ன சொல் தவறலை. "ஒட்டிடுங்க"ன்னு சொல்லிட்டு சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க. பாபு குந்தி உக்காந்து, அந்த வளையத்தை வெரலால தடவி, மோந்து பாத்து, எழுந்திரிச்சார்.

"ஒண்ணும் ஒட்ட வேணாம்க்கா. எந்தக் கம்பெனித் தரையில ரசக் கறை கீது? இப்பதான் இது என் வூடு."

கறையே படாதுன்னு சொல்லிச் சொல்லி பத்து வருஷம் கம்பெனிக்குத் தரை வித்தேன், வீட்டுக்கு வித்துக் குடுத்தது என்னவோ ஒரு கறைதாங்க.